கல்லீரல் புற்றுநோய்: எந்தப் பரிசோதனைக்குக் காசு கட்டுவது?



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள். உங்கள் வீட்டில் யாருக்காவது மஞ்சள் காமாலை வந்து போயிருந்தால் கடைசிப் பகுதியையாவது தவறாமல் படித்துவிடுங்கள்.

நான் மருத்துவன் இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்து, ஏற்காடு மலையில் தொடக்கப் பள்ளிகளில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். ஆனால் மலை ஊரில் வாத்தியார் என்றால் பாடம் நடத்துவது மட்டும் வேலை இல்லை. பேங்க் பாரம், கோர்ட் நோட்டீஸ், ஆஸ்பத்திரி ரிப்போர்ட் எல்லாம் வாத்தியார் வீட்டுத் திண்ணைக்குத்தான் வரும். ஓய்வு பெற்ற பிறகும் அந்த வேலை மட்டும் ஓயவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு மழை நாளில், என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒருவனின் மனைவியும் மகனும் பிளாஸ்டிக் பையில் சுற்றிய காகிதங்களோடு வந்தார்கள். அவன் சில்வர் ஓக் மரத்தில் ஏணி போட்டு மிளகு பறிப்பதில் கெட்டிக்காரன். வயது 48. ஒரு மாதமாக வலப்பக்க விலாவுக்குக் கீழே பாரமாக இருக்கிறது என்று சேலத்துக்கு இறங்கிப் போயிருக்கிறான். சி.டி. ஸ்கேன் எடுத்ததில் கல்லீரலில் கட்டி என்று தெரிந்தது. அடுத்த வாரம் குடும்பத்தோடு வாருங்கள், பேசலாம் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

அந்த ஒரு வாரத்தில் மகன் செல்போனில் தேடியிருக்கிறான். கட்டி வளர ரத்தக் குழாய் வேண்டும், அதை அளக்க ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு, அதை வைத்து நோயாளியின் ஆயுளைக் கணிக்கலாம் என்று எங்கோ படித்திருக்கிறான். டாக்டர் எழுதிக் கொடுக்காமலேயே ஒரு பரிசோதனைக் கூடத்தில் பணம் கட்டி, ரத்தம் கொடுக்க வைத்துவிட்டான். அப்பாவின் ஒரு வாரக் கூலிக்கு மேல் செலவு. வந்த ரிப்போர்ட்டில் 'வி.இ.ஜி.எஃப்.' என்று போட்டு, ஒரு எண்ணும், பக்கத்தில் 'ஹை' என்று ஒரு சொல்லும். அதை விளக்க அங்கே யாரும் இல்லை.

"சார், இதுல ஹைன்னு போட்டிருக்குதுங்க. அப்படின்னா எல்லாம் முடிஞ்சதுங்களா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

எனக்கும் அன்றைக்குத் தெரியாது. அதைவிட என்னைக் கலங்கடித்தது வேறு விஷயம். அந்த ஒரு சொல்லைப் பார்த்துவிட்டு, இனி எதற்கு அலைச்சல் என்று முடிவு செய்து, ஐந்து வாரமாக அவர்கள் மலையை விட்டுக் கீழே இறங்கவே இல்லை. அவனிடமும் எதுவும் சொல்லவில்லை.

அடுத்த நாள் காலை முதல் பஸ்ஸில் அவர்களோடு நானும் போனேன். அதன் பிறகு டாக்டர்களிடம் கேட்டும் படித்தும் நான் புரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்த வி.இ.ஜி.எஃப். என்பது என்ன?

நம் மலையில் கோடையில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். ஊற்றுத் தண்ணீர் ஊருக்குப் பொது. ஒருவர் மட்டும் யாருக்கும் தெரியாமல் தன் தோட்டத்துக்கு ஒரு ஓஸ் பைப்பைப் போட்டு இழுத்துக்கொள்வார். அவர் காப்பிச் செடி மட்டும் பச்சையாக இருக்கும், கீழே உள்ள வீடுகளுக்குக் குடம் நிறையாது. புற்றுக்கட்டி செய்வதும் அதுதான். ஒன்று, இரண்டு மில்லிமீட்டர் அளவு வரை அது பக்கத்தில் கசிவதை வைத்தே பிழைத்துக்கொள்ளும். அதற்கு மேல் வளர வேண்டுமானால் சொந்தமாக ரத்தக் குழாய் வேண்டும். இதை 1971-இல் சொன்னவர் ஜூடா ஃபோக்மன் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர். அப்போது பலர் அதை ஏற்கவில்லை. குழாயை வரவழைக்கக் கட்டி அனுப்பும் சமிக்ஞைப் புரதங்களில் முக்கியமானது இந்த வி.இ.ஜி.எஃப். 1989-இல் நெப்போலியோன் ஃபெராரா என்ற விஞ்ஞானியின் குழு அதைப் பிரித்தெடுத்து அடையாளம் கண்டது.

கல்லீரலில் இந்தக் கதை இன்னும் தெளிவாகத் தெரியும். நல்ல கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் முக்கால் பங்கு குடலிலிருந்து வரும் பெரிய சிரை வழியாகவும், கால் பங்கு தமனி வழியாகவும் வருகிறது. புற்றுக்கட்டியோ பெரும்பாலும் தமனியிலிருந்துதான் குடிக்கிறது. அதனால்தான் சாயம் ஏற்றி சி.டி. எடுக்கும்போது கட்டி மட்டும் முதலில் பளிச்சென்று மின்னி, பிறகு சீக்கிரமே மங்குகிறது. கல்லீரல் சுருக்கம் உள்ளவருக்கு இந்த அடையாளம் தெளிவாக இருந்தால், ஊசி போட்டுச் சதை எடுக்காமலேயே பல நேரங்களில் நோயை உறுதி செய்துவிடுகிறார்கள்.

அதாவது, கட்டி ரத்தக் குழாய் இழுத்திருக்கிறதா என்ற கேள்விக்கு அவன் சி.டி. படம் ஏற்கனவே பதில் சொல்லியிருந்தது. தனியாக ஒரு ரத்தப் பரிசோதனை தேவைப்படவில்லை.

சரி, அந்த எண் பொய்யா? பொய் இல்லை. வி.இ.ஜி.எஃப். அளவும், ஆஞ்சியோபொயட்டின்-2 என்ற இன்னொரு புரதத்தின் அளவும் கூடுதலாக உள்ள நோயாளிகள், மொத்தமாகப் பார்க்கையில் குறைந்த காலமே வாழ்கிறார்கள். முற்றிய கல்லீரல் புற்றுக்கு சொராஃபெனிப் மாத்திரையைச் சோதித்த பெரிய ஆய்வில் கலந்துகொண்டவர்களின் ரத்தத்தை வைத்தே இதைப் பார்த்திருக்கிறார்கள். 2012-இல் வெளியான முடிவு அது. ஆனால் அதே கட்டுரையில் இன்னொரு முடிவும் இருக்கிறது. அளந்த எந்தப் புரதமும், யாருக்கு அந்த மாத்திரை கேட்கும், யாருக்குக் கேட்காது என்பதைத் தெளிவாகச் சொல்லவில்லை.

இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் இந்தப் பதிவின் உயிர். அரையாண்டுத் தேர்வில் ஒரு பையன் கணக்கில் 20 மார்க் வாங்கினால் முழு ஆண்டில் தவறிவிடுவான் போலிருக்கிறது என்று ஊகிக்கலாம். அவனுக்கு வாய்ப்பாடு வரவில்லையா, கண் தெரியவில்லையா, வீட்டில் சோறு இல்லையா, நான் என்ன செய்தால் தேறுவான் என்பதை அந்த 20 சொல்லாது. ஒன்று முன்கணிப்பு. மற்றது வழிகாட்டல். வி.இ.ஜி.எஃப். முதல் வகை. அதுவும் வகுப்பு முழுவதற்குமான சராசரியாகத்தான் பேசுகிறதே தவிர, ஒரு பையனைப் பற்றி உறுதியாகச் சொல்லாது.

அளப்பதிலேயே சிக்கல் உண்டு. ரத்தம் உறையும்போது தட்டணுக்கள் தம்மிடம் உள்ள வி.இ.ஜி.எஃப்.பை வெளியே விடுகின்றன. எனவே உறைந்த ரத்தத்தின் சீரத்தில் அளந்தால் ஓர் எண், உறையாமல் பிரித்த பிளாஸ்மாவில் அளந்தால் வேறோர் எண். கல்லீரல் கெட்டவர்களுக்குத் தட்டணுக்களே குறைந்திருக்கும். இதற்கு மேல் போனால் ஆபத்து என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரு கோடும் இல்லை. அந்தக் காகிதத்தில் இருந்த 'ஹை' இவ்வளவு பலவீனமான காலில்தான் நின்றது.

டாக்டர் அந்த ரிப்போர்ட்டை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். அவர் பார்த்தது நான்கு விஷயம். கட்டி எத்தனை, எவ்வளவு பெரிது. பெரிய ரத்தக் குழாய்க்குள் கட்டி நுழைந்திருக்கிறதா. மீதிக் கல்லீரல் எப்படி வேலை செய்கிறது: பிலிருபின், அல்புமின், ரத்தம் உறையும் நேரம், வயிற்றில் நீர், புத்தித் தெளிவு. நான்காவது, ஆள் எழுந்து நடமாடித் தன் வேலையைத் தானே பார்க்கிறானா. உலகம் முழுவதும் கல்லீரல் புற்றின் நிலையை முடிவு செய்ய இவற்றைத்தான் பார்க்கிறார்கள். கட்டி கல்லீரலுக்குள்ளேயே இருக்கிறது, பெரிய குழாய்க்குள் போகவில்லை, மீதிக் கல்லீரல் தாங்குகிறது என்றார். தொடை வழியாக மெல்லிய குழாய் விட்டு, கட்டிக்குப் போகும் தமனிக்குள் மருந்தைச் செலுத்தி, அந்தத் தமனியையே அடைத்துவிடலாம் என்றார். திருட்டு ஓஸ் பைப்பைக் கண்டுபிடித்து அடைப்பது மாதிரி. இரண்டு தடவை செய்தார்கள். ஐந்து வாரம் முன்னால் வந்திருக்கலாமே என்று மட்டும் ஒரு வார்த்தை சொன்னார், கடுமையாக இல்லை.

பிறகு எங்களை வெளியே இருக்கச் சொல்லாமல், அவனிடமே நேராக, உங்களுக்கு என்ன தெரிய வேண்டும் என்று கேட்டார்.

"எத்தனை நாள் இருப்பேனுங்க?"

"நாள் கணக்கு யாராலும் சொல்ல முடியாது. ஒரு வருசத்தை மனசுல வச்சு, முடிக்க வேண்டிய வேலையை முடிங்க. அதுக்கு மேல கிடைச்சா நல்லது."

அவன் பதினாறு மாதம் இருந்தான். அதற்குள் அண்ணன் தம்பி நிலத் தகராறைப் பேசி முடித்து, பட்டாவை மனைவி பெயருக்கு மாற்றி, கூட்டுறவுக் கடனையும் அடைத்தான். முன்கணிப்பு என்பதன் பயன் இதுதான் என்று நான் நினைக்கிறேன். உண்மையை முகம் பார்த்து ஒருவர் சொல்ல வேண்டும். காகிதத்தில் ஒற்றைச் சொல்லாக வருவது முன்கணிப்பு இல்லை.

சில நண்பர்கள் கேட்கலாம்: "அப்படியானால் இந்த ஆராய்ச்சியெல்லாம் வீணா சார்?" இல்லவே இல்லை. ரத்தக் குழாய் வளர்ச்சியைப் புரிந்துகொண்டதால்தான் மருந்துகள் வந்தன. அந்தச் சமிக்ஞையைத் தடுப்பதில் சொராஃபெனிப்புக்கும் பங்கு உண்டு. முற்றிய கல்லீரல் புற்றுக்கு ஆயுளை நீட்டியதாக நிரூபிக்கப்பட்ட முதல் மாத்திரை அது. 2007-இல் அனுமதி பெற்றது.

அந்த மாத்திரைக்கும் நம் நாட்டுக்கும் ஒரு கதை உண்டு. பேயர் கம்பெனி அதை இந்தியாவில் மாதம் சுமார் 2,80,000 ரூபாய்க்கு விற்றது. 2012 மார்ச்சில் காப்புரிமைக் கட்டுப்பாட்டாளர் பி.எச்.குரியன், ஹைதராபாத்தின் நாட்கோ கம்பெனிக்குக் கட்டாய உரிமம் கொடுத்தார். இந்தியாவில் கொடுக்கப்பட்ட முதல் கட்டாய உரிமம் அது. விலை மாதம் 8,800 ரூபாயாக இறங்கியது. பேயர் மேல்முறையீடு செய்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம், நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் தலைமையில், 2013 மார்ச்சில் அந்த உரிமத்தை உறுதி செய்து, பேயருக்குச் சேர வேண்டிய ராயல்டியை மட்டும் 6 சதவீதத்திலிருந்து 7 சதவீதமாக உயர்த்தியது. 2014 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்திலும் பேயரின் மனு தள்ளுபடியானது. பெருமைப்பட வேண்டிய விஷயம்தான்.

ஆனால் அந்தப் பெரிய ஆய்வின் எண்களையும் பாருங்கள். மாத்திரை சாப்பிட்டவர்களின் இடைநிலை ஆயுள் 10.7 மாதம். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 7.9 மாதம். மூன்று மாதத்துக்கும் குறைவான வித்தியாசம். 2020-இல் வந்த புதிய கூட்டு மருந்தில் (அதில் ஒன்று வி.இ.ஜி.எஃப்.பையே பிடித்து வைக்கும் ஊசி) இடைநிலை ஆயுள் 19 மாதத்தைத் தொட்டது. முன்னேற்றம்தான். ஆனால் நம் மலையில் எத்தனை பேருக்கு அது எட்டும்?

ஒரு பரிசோதனை நிஜமாகவே மருந்தைத் தீர்மானிக்கிற உதாரணமும் உண்டு. ராமுசிருமாப் என்ற ஊசியும் வி.இ.ஜி.எஃப். வேலை செய்யும் வழியை அடைக்கும் மருந்துதான். எல்லா நோயாளிகளுக்கும் கொடுத்துப் பார்த்த முதல் ஆய்வில் அது தோற்றது. ஏ.எஃப்.பி. என்ற சாதாரண ரத்தப் பரிசோதனையில் 400-உம் அதற்கு மேலும் இருந்தவர்களுக்கு மட்டும் கொடுத்துப் பார்த்த அடுத்த ஆய்வில் பலன் தெரிந்தது. இங்கே அந்த எண் வந்தால் டாக்டர் செய்வது மாறுகிறது.

எனவே என் கட்சி இதுதான். எந்தப் பரிசோதனைக்கும் காசு கட்டும் முன் டாக்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இதன் விடை எப்படி வந்தாலும் நீங்கள் செய்யப்போவது ஒன்றுதானா, மாறுமா?" மாறும் என்றால் கடன் வாங்கியாவது செய்யுங்கள். மாறாது என்றால் அந்தக் காசில் வீட்டில் உள்ள மற்றவர்களுக்கு ஹெபடைடிஸ் பி பரிசோதனை செய்யுங்கள்.

ஏன் அதைச் சொல்கிறேன்? இவனுக்குக் கல்லீரல் கெட்டது குடியால் இல்லை. ஹெபடைடிஸ் பி கிருமி. அநேகமாகப் பிறக்கும்போதே தாயிடமிருந்து வந்திருக்கும் என்றார்கள். பிறந்த குழந்தைக்கு இந்தக் கிருமி தொற்றினால் பத்தில் ஒன்பது பேருக்கு அது வாழ்நாள் முழுக்கத் தங்கிவிடும். பெரியவர்களுக்குத் தொற்றினால் நூற்றில் ஐந்து பேருக்கும் குறைவாகத்தான் தங்கும். இந்தியாவில் நூற்றுக்கு மூன்று, நான்கு பேரிடம் இது இருப்பதாகக் கணக்கு. பெரும்பாலானோருக்குத் தங்களிடம் இருப்பதே தெரியாது. வலி இல்லை, காமாலை இல்லை. முப்பது நாற்பது வருடம் சத்தமில்லாமல் இருந்துவிட்டு ஒருநாள் கட்டியாக வரும்.

டாக்டர் சொன்னபடி அவன் கூடப்பிறந்தவர்களைக் கூட்டிப் போய்ப் பரிசோதித்தோம். அக்காவுக்கும் தம்பிக்கும் கிருமி இருந்தது. அக்கா இப்போது தினம் ஒரு மாத்திரை சாப்பிடுகிறாள். இருவரும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுக்கிறார்கள். அவன் பிள்ளைகளுக்குக் கிருமி இல்லை. இந்தக் குடும்பத்தில் உயிரைக் காப்பாற்றப்போகிற பரிசோதனை அதுதான். அதற்குத் தேவை சில சொட்டு ரத்தமும் இருபது நிமிடமும்.

கீழாநெல்லி பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கமெண்ட்டில் கேட்பீர்கள். அதைக் கேலி செய்ய மாட்டேன். சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி.தியாகராஜன் குழுவும், ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டுபிடித்து 1976-இல் நோபல் பரிசு பெற்ற பாரூக் புளூம்பெர்க்கும் சேர்ந்து 1988-இல் லான்செட் இதழில் கீழாநெல்லி பற்றி எழுதினார்கள். கிருமி உள்ள 37 பேருக்கு முப்பது நாள் கொடுத்ததில் 22 பேரிடம் கிருமியின் அடையாளம் மறைந்தது என்றார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிறகு வேறு இடங்களில் செய்து பார்த்தவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஒரு ஆய்வு எவ்வளவு நம்பிக்கை தந்தாலும் அது போதாது என்பதற்கு நம் மண்ணிலேயே உள்ள பாடம் இது. பெரியவர்களுக்கு வரும் காமாலை பெரும்பாலும் தானாகவே தணியும். கண்ணில் மஞ்சள் போனதும் பச்சிலை கேட்டது என்று நிம்மதியாகிவிடுகிறோம். கிருமி போனதா என்று யாரும் பார்ப்பதில்லை. பச்சிலை சாப்பிடுங்கள், சாப்பிடாதீர்கள், அது உங்கள் விருப்பம். பரிசோதனையை மட்டும் விடாதீர்கள்.

தடுப்பூசியின் பலன் கண்ணால் பார்த்தது. தைவான் 1984-இல் பிறக்கும் குழந்தைகளுக்கு இந்தத் தடுப்பூசியைத் தொடங்கியது. அங்கே குழந்தைகளுக்கு வரும் கல்லீரல் புற்று ஏறக்குறையப் பாதியானது. இந்தியாவில் 2002-இல் சில இடங்களில் தொடங்கி, 2011-12-இல்தான் நாடு முழுக்க வந்தது. அப்படியானால் அதற்கு முன் பிறந்த நாமெல்லாம்? தடுப்பூசியும் இல்லை, பரிசோதனையும் இல்லை. இந்த இடைவெளியில்தான் என் மாணவன் விழுந்தான்.

2018 ஜூலை 28-இல் தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. அதன்படி பரிசோதனையும் மருந்தும் இலவசம். திட்டம் இருக்கிறது. அது வாழவந்திக்கும் நாகலூருக்கும் செம்மநத்தத்துக்கும் மஞ்சக்குட்டைக்கும் ஏறி வர வேண்டும். சேலத்துக்கு இறங்கி ஏறுவது என்றால் ஒரு நாள் கூலி போச்சு. உடம்பில் வலி இல்லாத மனுசன் அதற்காகக் கூலியை விடமாட்டான்.

நான் கேட்பது மூன்று. மக்களைத் தேடி மருத்துவம் என்று வீட்டுக்கே வந்து சர்க்கரை, பிரஷர் மாத்திரை கொடுக்கிறார்கள். நல்ல திட்டம். அதே ஊழியர்கள் கையில் ஹெபடைடிஸ் பி பரிசோதனைப் பட்டையையும் கொடுக்கட்டும். கிருமி உள்ளவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேனை மலையிலேயே ஒரு குறித்த நாளில் எடுக்க ஏற்பாடு செய்யட்டும். கட்டி இரண்டு, மூன்று சென்டிமீட்டருக்குள் இருக்கும்போது தெரிந்தால் அறுவையாலோ, ஊசி வழியாகச் சுட்டுப் பொசுக்கியோ குணமாக்க வாய்ப்பு உண்டு. மூன்றாவது, குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் போட வேண்டிய முதல் தடுப்பூசி, மலையில் எந்தக் குழந்தைக்கும் தவறக் கூடாது.

மே மாதம் கோடை விழாவுக்கு மலர்க் கண்காட்சி வைக்கிறோம். அதே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு எல்லா ஊர் சனமும் கூடுகிறது. அங்கே ஒரு ஓரமாக ஒரு மேசையும் இரண்டு நர்சும் போதும். இந்த வருடம் இதைக் கேட்டு மனு எழுதி வைத்திருக்கிறேன். ஏற்காட்டு நண்பர்கள், பழைய மாணவர்கள் கையெழுத்துப் போட வீட்டுக்கு வாருங்கள். காப்பி உண்டு, நம் தோட்டத்துக் காப்பி.

மருத்துவம் படித்த என் மாணவர்கள் இதில் தவறு இருந்தால் கமெண்ட்டில் திருத்துங்கள். வாத்தியாரைத் திருத்துவதில் தப்பே இல்லை. மற்றவர்கள் 'அருமை சார்' என்று போடுவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். உங்களுக்கு ஹெபடைடிஸ் பி பரிசோதனை எப்போதாவது எடுத்ததுண்டா என்று யோசித்துப் பாருங்கள். இல்லை என்றால் இந்த வாரமே எடுத்துவிடுங்கள்.

நான் என் மாணவனின் அக்காவோடு போன அன்றைக்குத்தான் எடுத்தேன். அறுபது வயதைத் தாண்டிய பிறகு, முதல் தடவையாக.